அச்சில் எல்லாச் சங்கும் வலம்புரி ஆகிவிடும்

லினோ தகட்டில், அதாவது செதுக்கி மை தடவி அச்செடுக்கும் லினோலியத் துண்டில், நான் முதலில் செதுக்கியது, அந்தக் காலத்துக் கீழக்கரையில் சங்கு தரம் பிரிக்கும் காட்சி. ஒரு சங்கை எதிரே வைத்துப் பார்த்துப் பார்த்துத் தகட்டில் வரைந்தேன். அச்செடுத்ததும் எதிர்வீட்டுச் சங்கு வியாபாரியிடம் பெருமையாக நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், "வாத்தியாரே, குவியலில் அத்தனையும் வலம்புரியாக இருக்கிறதே! இப்படி ஒரு நாள் வாய்த்திருந்தால் நான் ஏன் இந்தத் தெருவில் இருக்கிறேன்?" என்றார்.

அச்சு இடப்பக்கத்தை வலப்பக்கமாக்கும்; சாதாரண இடம்புரிச் சங்கு வலம்புரி ஆகிவிடும். பல வருடம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன்தான் நான். அதே படத்தில் கூலி கொடுக்கும் ஆள் இடக்கையால் கொடுத்துக்கொண்டிருந்தார். மரியாதைக்காக வியாபாரி அதைச் சொல்லாமல் விட்டிருக்க வேண்டும்.

இதற்கு வழி எளிது. மெல்லிய தாளில் 4பி பென்சிலால் அழுத்தி வரையுங்கள். தாளைத் தகட்டின்மேல் குப்புறக் கவிழ்த்து, பின்பக்கத்தைக் கரண்டியால் தேயுங்கள். படம் தகட்டில் திரும்பி ஏறும், அச்சில் நேராகிவிடும்.

என்ன வரைவது? 1897-ல் பாம்பனில் விவேகானந்தர் கரையிறங்கிய காட்சியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்குப் பனையேறியும், சேது யாத்திரைக்காரர்களைப் பாம்பனுக்கு ஏற்றிச்செல்லும் தோணியும் போதும். மனிதர்களை எப்படி நிறுத்துவது என்று திகைத்தால் ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்குப் போய் வாருங்கள். 18-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் அவை. பக்கவாட்டு முகம், பெரிய கண், வரிசை வரிசையாக ஆட்கள். நிழலும் ஆழமும் இல்லாமலே கதை சொல்லிவிடுகிறார்கள். லினோவுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

காலத்தில் கவனம் வேண்டும். பாம்பன் ரயில் பாலம் 1914-ல்தான் திறக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டுப் படத்தில் அதற்கு இடமில்லை. நைலான் வலையும் கூடாது. சீமைக் கருவேலத்தைப் பின்னணியில் நிரப்பிவிடாதீர்கள். இன்று கண்ணில் படுவதெல்லாம் அதுதான் என்றாலும், இந்த மண்ணை அது வளைத்துக்கொண்டது பிற்பாடு. பனையும் உடைமரமும் போடுங்கள். குடை விரித்தாற்போலத் தட்டையாக நிற்கும் உடைமரத்தை நாலு வெட்டில் காட்டிவிடலாம்.

செதுக்குவதற்கு முன் தகட்டைப் பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள், இளகிவிடும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு ஐந்தே போதும். உளி போகும் திசையில் மற்றக் கையை வைக்கக் கூடாது. என் இடது கட்டைவிரல் தழும்பு அதற்குச் சாட்சி. வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. கடலை முழுதும் செதுக்கித் தள்ளாமல், கறுப்பாகவே விட்டு அலைக்கு மட்டும் சில கீற்றுகள் கொடுங்கள்.

அச்சகங்களில் கிடைக்கும் எண்ணெய் மையே எனக்குச் சரிப்படுகிறது. கண்ணாடித் துண்டில் கொஞ்சம் வைத்து ரப்பர் உருளையால் தேய்த்துப் பரப்புங்கள். சளசளவென்று சத்தம் வந்தால் மை அதிகம். மெல்லிய பட்டுத்துணி உரசுவதுபோல் ஒலிக்க வேண்டும். தகட்டில் ஒரே தடவையில் அப்பாமல் இரண்டு மூன்று முறை மெல்லியதாக ஏற்றுங்கள். இல்லையென்றால் தோணியின் கயிறுகளெல்லாம் அடைத்துப்போகும்.

அச்சு இயந்திரம் வேண்டியதில்லை. தாளை மேலே பரப்பி, ஒரு கையால் நகராமல் பிடித்துக்கொண்டு, வழவழப்பான சங்கின் வயிற்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்ட வட்டமாகத் தேயுங்கள். மரக்கரண்டியும் ஆகும்; ஆனால் சங்கு உள்ளங்கையில் உட்காருவதுபோல் அது உட்காராது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, வெளிறியிருந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி தேயுங்கள்.

கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ஒரு வாரம்கூட ஆகலாம், அவசரப்பட்டு அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். தகட்டைச் சமையல் எண்ணெயால் துடைத்து, வெயில் படாமல் தட்டையாக வையுங்கள். சுருட்டி வைத்தால் வெடித்துவிடும்.