வரலாற்றுப் படத்துக்கு முகமும் முடியும்: ஒப்பனை பழகத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

கடந்த காலத்தில் நிகழும் கதையைப் படமாக்கும்போது உடைக்கும் அரங்குக்கும் தேடித் தேடி ஆதாரம் சேர்ப்பவர்கள்கூட, நடிகரின் முகத்துக்கும் தலைமுடிக்கும் வரும்போது தங்கள் காலத்து அழகுணர்வுக்கு இடம் கொடுத்துவிடுகிறார்கள். 1963இல் வெளிவந்த ‘கிளியோபாட்ரா’ படத்தின் கண்மையைப் பார்த்தால் பண்டைய எகிப்தைவிட 1960களின் அழகு நிலையமே நினைவுக்கு வரும். அந்த அரசியின் நாணயங்களிலோ தலைமுடி பட்டை பட்டையாகப் பிரித்து முறுக்கப்பட்டு, பின்னோக்கி இழுக்கப்பட்டு, பிடரியில் கொண்டையாக முடியப்பட்டிருக்கிறது. படத்தில் காணும், நெற்றியை மறைக்கும் கத்தரித்த கருமுடி அவற்றில் இல்லை.

ஒரு காலத்தின் முகத்தை உருவாக்க முனைபவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, ‘அது எப்படி இருந்தது?’ என்பது. அதற்கு முன்னால், ‘எதைக் கொண்டு, யார் கையால், எவ்வளவு நேரத்தில் செய்யப்பட்டது?’ என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கருவியும் பொருளும் தெரிந்துவிட்டால் தோற்றம் பெரும்பாலும் தானாகவே சரியாக வந்துவிடும். கீழே உள்ள படிகள் இந்த வரிசையை ஒட்டியவை. குறும்படத்துக்கும் மேடை நாடகத்துக்கும் பொருந்தும்.

படி 1: காலத்தையும் ஆளையும் குறுக்கிக்கொள்ளுங்கள்

‘பத்தொன்பதாம் நூற்றாண்டு’ என்பது ஒப்பனைக் கலைஞருக்குப் பயன்படாத விவரம். அந்த நூறு ஆண்டுகளில் ஐரோப்பியப் பெண்களின் சிகையலங்காரம் பலமுறை மாறியது. முடிந்தால் ஐந்தாண்டு இடைவெளிக்குள் வந்துவிடுங்கள். பிறகு பாத்திரத்தின் வயது, வசதி, தொழில், மணமானவரா என்பது போன்ற விவரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் சிறுமியர் முடியைத் தொங்கவிடலாம். பருவம் வந்த பெண் பொது இடத்தில் முடியை மேலே தூக்கிக் கட்டியிருக்க வேண்டும். இருபத்தைந்து வயதுப் பாத்திரத்தைத் தோளில் புரளும் முடியோடு விருந்தில் நிறுத்தினால், அக்காலத்தவர் கண்ணுக்கு அவர் படுக்கையறையிலிருந்து நேராக எழுந்து வந்தவராகத் தெரிந்திருப்பார்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எல்லோரும் அந்த ஆண்டின் பாணியிலேயே இருக்கமாட்டார்கள். முதியவர்கள் பலர் தங்கள் இளமைக்காலத்துச் சிகையலங்காரத்தையே தொடர்வார்கள். ஆகவே 1925இல் நடக்கும் கதையில் பாட்டிக்கு 1890களின் கொண்டை இருப்பதே பொருத்தம்.

படி 2: ஆதாரங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது, ஏனெனில் பழைய படங்கள் நேர்மையாக இருப்பதுபோலத் தோன்றியே நம்மை ஏமாற்றக்கூடியவை. ஓவியர் தமக்குப் பணம் தருபவரை அழகாக்கியே வரைவார்; அம்மைத் தழும்பு, உதிர்ந்த பல், வழுக்கை ஆகியவை தூரிகையில் மறைந்துவிடும். புகைப்படம் அப்படிச் செய்யாது என்று நினைத்தால், அங்கே வேதியியல் குறுக்கிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தகடுகள் நீல ஒளியையே பெரும்பாலும் உணர்ந்தன; சிவப்பை ஏறத்தாழ உணரவே இல்லை. அதனால் இயல்பான உதடு கறுத்தும், சிவந்த தோலும் மச்சப் புள்ளிகளும் அழுத்தமாகவும், நீலக் கண்கள் வெளிறியும் பதிந்தன. இதைப் பார்த்துவிட்டு ‘அக்காலப் பெண்கள் கருஞ்சிவப்பு லிப்ஸ்டிக் பூசினார்கள்’ என்று முடிவு செய்வது தொடங்குவோர் பலர் செய்யும் தவறு. 1920களின் பிற்பகுதியில் எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாடிக் பிலிம் பரவும்வரை திரைப்படங்களிலும் இதே சிக்கல் இருந்தது. ஆகையால் மௌனப்பட நடிகையரின் கறுத்த உதடுகளில் ஒரு பகுதி சாயத்தின் வேலை, மறுபகுதி பிலிமின் வேலை.

1839இல் அறிவிக்கப்பட்ட, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதியும் டாகெரியோடைப் படங்களும், அதன்பின் வந்த தகரத் தகட்டுப் படங்களும் பொதுவாகக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். வகிடு இடப்பக்கம் தெரிந்தால் அது உண்மையில் வலப்பக்கம் எடுக்கப்பட்டதாக இருக்கலாம். சட்டைப் பொத்தான்கள் எப்பக்கம் மூடுகின்றன என்று பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கன்னத்தில் தெரியும் இளஞ்சிவப்பும் பல நேரங்களில் படத்தின் மேல் கையால் தீட்டிய வண்ணமே தவிர, முகப்பூச்சு அன்று.

விளம்பரங்களும் நட்சத்திரப் படங்களும் ஒரு காலம் எதற்கு ஆசைப்பட்டது என்பதைத்தான் காட்டும். மக்கள் உண்மையில் எப்படி இருந்தார்கள் என்பதற்குப் பள்ளி, ஆலை, திருமணக் குழுப்படங்களைத் தேடுங்கள். அவற்றில் பின்வரிசையில் நிற்பவர்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். முன்வரிசையில் இருப்பவர்கள் படத்துக்காகத் தயாராகி வந்தவர்கள்.

படி 3: முடியிலிருந்து தொடங்குங்கள்

முகத்துக்கு முன் முடி. ஒரு காட்சியின் காலத்தைப் பார்வையாளர் தொலைவிலிருந்தே உணர்வது தலையின் வெளிக்கோட்டைக் கொண்டுதான். எனவே நடிகரைப் பக்கவாட்டில் நிறுத்தி, வெளிச்சத்தைப் பின்னால் வைத்து, நிழலுருவத்தை ஆதாரப் படத்தோடு ஒப்பிடுங்கள். கொண்டை உச்சியிலா, பின்தலையிலா, பிடரியிலா? காது மூடியிருக்கிறதா? நெற்றி எவ்வளவு தெரிகிறது? இவை சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, அந்த முடி எதனால் நிற்கிறது என்று கேளுங்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரோமானியப் பெண்கள் நெற்றிக்கு மேல் அடுக்கடுக்காக எழுப்பிய சுருள்களும் பின்னல் கொண்டைகளும் கொண்டை ஊசியால் மட்டும் நிற்கக்கூடியவை அல்ல. ஊசியும் நூலும் கொண்டு முடியையே தைத்திருக்கிறார்கள் என்பதை ஒரு சிகையலங்காரக் கலைஞர் செய்து பார்த்து, 2008இல் ஆய்விதழில் வெளியிட்டார். தைத்துப் பார்த்தால் அந்தக் கொண்டை சிலைகளில் உள்ள வடிவத்துக்கு வந்துவிடும். ஹேர் ஸ்ப்ரேயால் முயன்றால் வராது.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெண்கள் எல்லோரும் விக் அணிந்ததாக ஓர் எண்ணம் இருக்கிறது. விக் பெரும்பாலும் ஆண்களுடையது. பெண்கள் தங்கள் சொந்த முடியில் விலங்குக் கொழுப்பாலான பொமேடைத் தடவி, மாவுப்பொடி தூவி, உள்ளே திண்டு வைத்து, தேவையான இடத்தில் சவுரி சேர்த்து உயர்த்தினார்கள். பொமேடும் பொடியும் சேர்ந்த முடி மினுங்காது. மங்கலாகவும் பிடிப்பாகவும் இருக்கும். பளபளக்கும் வெள்ளைச் செயற்கை விக் பொய்யாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். பிரிட்டன் 1795இல் முடிப்பொடிக்கு ஆண்டுக்கு ஒரு கினி (அக்காலப் பொற்காசு) வரி விதித்தது. அதன் பிறகு பொடி பூசிய தலைகள் விரைவாகக் குறைந்தன. உங்கள் கதை 1790இல் நடக்கிறதா, 1805இல் நடக்கிறதா என்பது ஏன் முக்கியம் என்பது இங்கே விளங்கும்.

1900களின் தொடக்கத்தில் முகத்தைச் சுற்றி உப்பி நிற்கும் கொண்டைக்கு, சீப்பில் உதிர்ந்த முடியைச் சேர்த்துச் செய்த திண்டுகள் உள்ளே வைக்கப்பட்டன. 1920களின் அலைமுடி சூடான இடுக்கியாலோ, ஈர முடியை விரலால் மடித்தோ வந்தது. அந்த அலை தலையோடு ஒட்டிப் படிந்திருக்கும். இன்றைய கர்லிங் கருவி தரும் தளர்ந்த அலை அதற்கு மாற்று ஆகாது. கதை எந்த நூற்றாண்டில் நடந்தாலும் நாயகிக்கு அந்தத் தளர்ந்த அலையையே போட்டுவிடுவது இன்றைய படங்களின் மிகப் பெரிய காலப்பிழை என்று சொல்வேன்.

படி 4: ஆண்களின் முகத்தை மறந்துவிடாதீர்கள்

ஆண்களுக்கு ஒப்பனையே தேவையில்லை என்று விடுவதால் பல படங்களில் மூன்று நாள் தாடி எல்லாக் காலத்துக்கும் பொதுவாகிவிட்டது. முகமயிருக்குச் சட்டங்களே இருந்தன. பிரிட்டிஷ் தரைப்படை 1916 அக்டோபர்வரை மேலுதட்டை மழிக்கத் தடை விதித்திருந்தது; ஆகவே 1914இல் போருக்குப் புறப்படும் வீரருக்கு மீசை வேண்டும். சீனாவின் சிங் வம்ச அரசு 1645இல் ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னல் வைக்க வேண்டும் என ஆணையிட்டது. இத்தகைய பாத்திரத்துக்கு முன்தலை எப்போதும் வழுவழுப்பாக இருக்கக் கூடாது. இரண்டு மழிப்புகளுக்கு இடையில் முளைக்கும் கருமையையும் புள்ளியிட்டுக் காட்டுங்கள். கிருதாவின் நீளத்தையும் பிடரிமுடி வெட்டிய விதத்தையும் கடைசியாக ஒருமுறை சரிபாருங்கள். இயந்திரத்தால் படிப்படியாகக் குறைத்த இன்றைய பிடரிவெட்டு, தொப்பி எடுத்த கணத்தில் படத்தின் ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 5: பாத்திரத்தின் ஒப்பனைப் பெட்டியை நிரப்புங்கள்

பாத்திரத்திடம் எந்தெந்தப் பொருள்கள் இருந்திருக்க முடியும் என்று பட்டியலிட்டு, அவற்றால் வரக்கூடிய விளைவை மட்டும் உங்கள் பொருள்களால் உருவாக்குங்கள். குச்சித்தூரிகையோடு குழாயில் வரும் மஸ்காரா 1950களின் பிற்பகுதியில்தான் வந்தது. அதற்கு முன் கட்டியாக இருந்த மையை ஈரத் தூரிகையால் தேய்த்துப் பூசினார்கள், அது இமைமுடிகளைத் திட்டுத்திட்டாகச் சேர்க்கும். திருகினால் மேலெழும் லிப்ஸ்டிக் குழாய்க்கு 1923இல் காப்புரிமை கிடைத்தது. ஆகவே 1910இல் நடக்கும் காட்சியில் கையில் அதைக் கொடுக்காதீர்கள். விக்டோரியா காலத்து மரியாதைக்குரிய பெண்ணின் முகத்தில் பூச்சு கண்ணுக்குத் தெரியவே கூடாது. கேமராவுக்கு வேண்டிய மெல்லிய ஃபவுண்டேஷனைத் தோலின் இயல்பு மறையாமல் பூசி, கன்னச் சிவப்பை இரத்த ஓட்டம் போலத் தோன்றவிட்டு, உதட்டோரக் கோட்டைக் கலைத்துவிடுங்கள்.

16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவையின் வெள்ளை முகத்துக்கு ஈய வெள்ளையும், பண்டைய எகிப்தின் கண்மைக்கு ஈயக் கனிமமான கலீனாவும் பயன்பட்டன. இவை நஞ்சு. துல்லியத்தின் பெயரால் இவற்றைத் தோலில் வைக்கக் கூடாது. மேடை ஒப்பனைக்கான பாதுகாப்பான பூச்சுகளே போதும்.

புருவமும் பல்லும்தான் கடினம். நடிகரின் புருவத்தை அவர் விருப்பமின்றி மழிக்க முடியாது. ஒப்பனைப் பசையால் படியவைத்து மேலே மறைத்து, 1930களின் மெல்லிய கோட்டை வரையலாம். எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) ஜப்பானில் மணமான பெண்கள் பற்களைக் கறுப்பாக்கினார்கள். பார்வையாளருக்கு அது உவப்பாக இராது என்று பெரும்பாலான படங்கள் அதைக் கைவிட்டன. இந்த இடத்தில் என் சாய்வு துல்லியத்தின் பக்கம்தான். ஒரு சமூகம் அழகென்று கருதியதை நாம் அருவருப்பென்று நீக்கினால், அந்தப் பாத்திரம் நம் காலத்து ஆளாகிவிடுகிறது.

படி 6: அழுக்கையும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்

செயற்கைச் சலவைப்பொருள் கொண்ட ஷாம்பு 1930களில்தான் கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய காலத்து முடி பஞ்சாகப் பறக்காது. சிறிது எண்ணெய்ப்பசையோடு கனமாக அமரும். அம்மைத் தடுப்பூசி பரவுவதற்கு முன் தழும்பு முகங்கள் சாதாரணம் என்பதால், கூட்டக் காட்சியில் சிலருக்காவது அதை வையுங்கள். பணிப்பெண் இல்லாத பாத்திரத்துக்கு, தன் இரு கைகளால் பின்தலையில் செய்துகொள்ள முடியாத அலங்காரத்தைத் தராதீர்கள்.

படி 7: கேமரா முன் சோதித்துப் பதிவு செய்யுங்கள்

படப்பிடிப்பில் பயன்படப்போகும் கேமரா, விளக்கு, உடை ஆகியவற்றோடு நடிகரை நிறுத்தி, முன்புறம், இருபுறம், பின்புறம் என நான்கு கோணங்களிலும் படம் எடுங்கள். லேஸ் விக்கின் (மெல்லிய வலைத்துணியில் முடி கோத்த விக்) நெற்றி விளிம்பும் ஒட்டுத்தாடியின் ஓரமும் அண்மைக் காட்சியில் தெரிகின்றனவா என்று பெரிய திரையில் பாருங்கள்.

எதை வேண்டுமென்றே மாற்றுகிறீர்கள் என்பதை இயக்குநரோடு பேசி முடிவு செய்வதும் இந்தக் கட்டத்தில்தான். நடிகரின் தோல் ஒவ்வாமை, செலவு, கதையின் தொனி என எந்தக் காரணமும் நியாயமானதே. ஆனால் அந்த முடிவு எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். துணை நடிகர்கள் 1915இல் இருக்க, நாயகி மட்டும் நடப்பு ஆண்டில் இருந்தால் திரையில் அந்தப் பிளவுதான் முதலில் தெரியும். முடிவானதும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அட்டை தயாரித்து, வகிட்டின் பக்கம், கொண்டையின் இடம், பயன்படுத்திய நிறங்கள், விக் எண், எந்தக் காட்சியில் எவ்வளவு கலைந்திருக்க வேண்டும் என்பவற்றைப் படங்களோடு குறித்து, கன்டினியூட்டி (காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி) பார்ப்பவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.