பசியை எல்லா மொழியிலும் வினையாகத் தேடாதீர்கள்

புது மொழி கற்கும்போது பலரும் செய்யும் முதல் தவறு, தன் மொழியில் வினைச்சொல்லாக இருப்பது அங்கேயும் வினைச்சொல்லாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவது.

பசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம். பசி இங்கே வினையாகிக் காலம் காட்டுகிறது. பசிப்பவரோ 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஆங்கிலத்தின் 'ஐ ஆம் ஹங்ரி'யில் பசி பெயரடை. ஜெர்மனில் 'இஷ் ஹாபே ஹுங்கர்', அதாவது 'என்னிடம் பசி இருக்கிறது'. அங்கே அது பெயர்ச்சொல். ஜப்பானியரோ 'ஒனாகா கா சுயிதா', வயிறு காலியாகிவிட்டது என்பார்கள். இப்போதைய பசிக்கு இறந்தகால வினை! அகராதியில் 'பசி' என்று தேடி எடுத்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இவற்றில் எதையும் சரியாகச் சொல்ல முடியாது. முழு வாக்கியமாகவே பழகுங்கள்.

பள்ளியில் படித்த எட்டுச் சொல்வகைகள் எல்லா மொழிக்கும் பொது என்று நினைப்பதும் தவறுதான். அது கிரேக்க இலக்கணிகள் தங்கள் மொழிக்கு வகுத்த கணக்கு. அந்த எட்டில் ஒன்றான, 'தி' போன்ற சார்படை லத்தீனில் கிடையாது. அந்த இடத்தில் லத்தீன் இலக்கணிகள் வியப்புச் சொல்லைத் தனி வகையாக்கி எட்டை நிரப்பினார்கள். தொல்காப்பியமோ பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு நிறுத்திக்கொண்டது.

எதிர்மறையிலும் கவனம் வேண்டும். 'நான் போகவில்லை, அவள் போகவில்லை': நம் 'இல்லை' யாருக்காகவும் மாறுவதில்லை. ஃபின்னிஷ் மொழியில் மறுக்கும் சொல்லே வினை. 'நான் பேசுவதில்லை' என்பதற்கு 'என் புஹு', 'நீ பேசுவதில்லை' என்பதற்கு 'எத் புஹு'. பேசுதலைக் குறிக்கும் 'புஹு' அப்படியே நிற்க, மறுப்புச் சொல்தான் ஆளுக்கேற்ப மாறுகிறது.

அப்புறம் காலம். அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். வினையின் வடிவம் வேறு, அது குறிக்கும் நேரம் வேறு. சீனத்தில் வரும் 'ல' என்ற இடைச்சொல்லை இறந்தகால விகுதி என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். 'நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்' என்பதைச் சீனத்தில் சொல்லும்போதும் அந்த 'ல' வரும். அது காட்டுவது செயல் முடிவதை, நேற்றையோ நாளையையோ அல்ல. இதில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் 'சாப்பிட்டு' கூட இறந்தகால வடிவம்தானே, நாளைய சாப்பாட்டுக்குத் தாராளமாகப் பொருந்துகிறதே! 'நாளை வந்து பார்க்கிறேன்' என்பதில் ஒரு எதிர்கால விகுதிகூட இல்லை.

கடைசியாக ஒன்று. அகராதியில் இருக்கும் வடிவம்தான் வேர் என்று எண்ணாதீர்கள். அரபு அகராதியில் எழுதுவதைத் தேடினால் 'கதப' என்று இருக்கும். அதன் பொருள் 'அவன் எழுதினான்'. வேர் க-த-ப என்ற மூன்று மெய்கள் மட்டும். லத்தீன் அகராதி 'அமோ' என்று தரும்: 'நான் நேசிக்கிறேன்'. அதை 'நேசி' என்று குறித்துக்கொண்டால், 'நான்' ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பது கண்ணில் படாமலே போய்விடும்.