மதுரையிலிருந்து அகத்தி: கிலோமீட்டரை நம்பிக் கிளம்பாதீர்கள்

மதுரையிலிருந்து லட்சத்தீவின் அகத்திக்கு விமானத் தூரம் எவ்வளவு என்று தேடினால், ஏறக்குறைய 650 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் என்பது போல ஒரு பதில் வரும். அதைப் பார்த்து லீவு சொல்லிவிடாதீர்கள். பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய தூரம் அது. அந்த வழியில் விமானம் பறக்கிறதா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. மதுரை–அகத்தி நேரடி விமானமே கிடையாது.

கொச்சி போய்த்தான் மாற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போடிமெட்டு, மூணாறு வழியாகவோ குமுளி வழியாகவோ காரில் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி போய்ச் சேர ஆறேழு மணி நேரம் பிடிக்கும். மழை நாளில் மலைப்பாதை இன்னும் இழுக்கும். அங்கிருந்து அகத்தி சுமார் 460 கி.மீ. இதையும் பலர் ஜெட் விமான வேகத்தால் வகுத்து, அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். அகத்தியின் ஓடுபாதை 1,200 மீட்டர்தான். அதில் வழக்கமாக இறங்குவது ஏடிஆர் போன்ற சிறிய விமானம், அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு. ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள்.

ஜெட்டாக இருந்தாலும் வெறும் வகுத்தல் ஒத்துவராது. மதுரை–சென்னை 420 கி.மீ. 830 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம்தானே? ஆனால் அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

என் பார்வையில் பணத்தைக் கரைக்கும் தவறு, தனித்தனி டிக்கெட் எடுத்து நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் விடுவது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். உள்நாட்டு கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், பெட்டியையும் திரும்ப எடுத்துப் போட வேண்டும். அகத்திக்கு என்றால் முந்தின நாளே போய், கொச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான அங்கமாலியில் தங்கிவிடுவதுதான் சரி. லட்சத்தீவு அனுமதிச் சீட்டும் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூரக் கணக்கே வீண்.

அப்புறம், கடிகாரம். மதுரையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய 3,000 கி.மீ. நேராகப் பறந்தால் இரண்டுக்கும் சுமார் நாலு மணி நேரம். ஆனால் சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். புறப்படும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து கழித்தால் ஒன்று ஆறரை மணி நேரமாகவும் மற்றது இரண்டரையாகவும் தெரியும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பயண நேரம் தனியாகப் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். அழைத்துப் போக வருபவரிடம் மட்டும் அந்த ஊர் நேரத்தைச் சொல்லுங்கள்.