இரண்டு ஆணி, ஒரு கயிறு: மேசைக்கு நீள்வட்டம் வரைவது

ரங்கூனில் எங்கள் வீட்டு முன்பக்கம் அண்ணனுடைய தச்சுப்பட்டறை, பின்கட்டில் என் கணக்கு டியூஷன். நீள்வட்டப் பாடம் வந்தால் கரும்பலகையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பட்டறைக்குக் கூட்டிப் போய்விடுவேன். சாப்பாட்டு மேசைக்கு அண்ணன் வரைகிற முறையைத்தான் இங்கே சொல்கிறேன். நீளம் 50 அங்குலம், அகலம் 30.

தேக்குப் பலகையின் அடிப்பக்கத்தில் வரையுங்கள். மேல்பக்கம் ஆணி அடித்தால் அந்தத் தழும்பு சாப்பிடுகிறவர் கண்ணிலேயே படும். நடுவில் 50 அங்குலத்துக்கு ஒரு கோடு, அதற்குச் செங்குத்தாக 30க்கு ஒரு கோடு. இவைதான் நெட்டச்சும் குற்றச்சும்.

அடுத்து ஆணி அடிக்கும் இடம். டேப்பில் நெட்டச்சின் பாதியை, அதாவது 25 அங்குலத்தை எடுத்து, குற்றச்சின் ஒரு நுனியில் பிடித்துச் சாய்த்தால் நெட்டச்சில் இரண்டு பக்கமும் வெட்டும். அவைதான் குவியங்கள். மையத்திலிருந்து 20 அங்குலம் வந்திருக்கும். 15, 20, 25: நம் பிதாகரஸ் முக்கோணம்தான்.

இரண்டு குவியத்திலும் ஆணி அடியுங்கள். குற்றச்சின் நுனியில் மூன்றாவதாக ஒன்று. மூன்றையும் சுற்றிக் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போடுங்கள். கயிற்றை முன்பே 90 அங்குலம் அளந்து வெட்டாதீர்கள், முடிச்சே ஓர் அங்குலத்தைத் தின்றுவிடும். நைலான் வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். கொத்தனார் நூல் போதும். இனி மூன்றாவது ஆணியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பென்சிலை வைத்து, கயிறு தொய்யாமல் ஒரு சுற்று.

பென்சில் நெட்டச்சின் நுனிக்கு வரும்போது நிறுத்தி அளக்கச் சொல்வேன். ஓர் ஆணிக்கு 5, மற்றதற்கு 45. குற்றச்சின் நுனியில் 25, 25. எங்கே நிறுத்தினாலும் கூட்டினால் 50தான். சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகள்கூட இங்கேதான் முதல்முறையாக “ஓ!” என்கிறார்கள்.

வரைந்தது சரியா என்று பார்க்க, ஆணியிலிருந்து குற்றச்சுக்கு இணையாக மேலே அளந்து பாருங்கள். கோடு 9 அங்குலத்தில் இருக்க வேண்டும். மேலும் கீழும் சேர்த்து 18, அதுவே செவ்வகலம். எட்டரை வந்தால் ஆணி இடம் மாறியிருக்கிறது, அழித்துவிட்டுத் திரும்ப வரையுங்கள்.

நீள்வட்டம் வட்டத்திலிருந்து எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று சொல்லும் எண்தான் மையத்தொலைத்தகவு. இங்கே அது 20ஐ 25ஆல் வகுத்தது, 0.8. பூமியின் பாதைக்கு அது வெறும் 0.0167. இதே 50 அங்குல நீளத்தில் அதை வரைவதென்றால் ஆணிகளை மையத்திலிருந்து அரை அங்குலத்துக்குள் அடிக்க வேண்டும், கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். பாடப்புத்தகங்களில் முட்டை மாதிரி போட்டிருப்பது மிகை.

சரி, விளிம்புப் பட்டைக்கு வருவோம். இதில் நான் அவமானப்பட்டேன். பரப்பளவு சுலபம்: பை × 25 × 15, ஏறக்குறைய 1178 சதுர அங்குலம். சுற்றளவும் அப்படித்தான் என்று நினைத்து, 25க்கும் 15க்கும் சராசரி 20 எடுத்து, வட்டக் கணக்கில் 125.7 அங்குலம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டே வந்தவர், “என்னம்மா, ரெண்டு அங்குலம் பல்லைக் காட்டுதே” என்றார். நல்ல தேக்குப் பட்டை வீண்.

நீள்வட்டத்தின் சுற்றளவுக்கு எளிய சூத்திரம் கிடையாது. நம்ம கும்பகோணத்து ராமானுஜன் 1914இல் தந்த தோராயம் உண்டு. 25, 15 இரண்டையும் கூட்டி மூன்றால் பெருக்கினால் 120. 25இன் மும்மடங்கோடு 15, மொத்தம் 90. 15இன் மும்மடங்கோடு 25, மொத்தம் 70. 90ஐ 70ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 79.37. அதை 120இல் கழித்து பையால் பெருக்குங்கள்: 127.6 அங்குலம்.

இப்போதெல்லாம் 129ஆக வெட்டச் சொல்கிறேன். முனை சேரும் இடத்தில் மிச்சத்தை அண்ணன் ரம்பத்தால் நறுக்கிக்கொள்வார்.