ராமேஸ்வரம் தீவுக்கு எப்போது போகலாம்? காற்றைப் பார்த்து நாள் குறிக்கும் முறை

ராமேஸ்வரத்துக்கு விடுமுறையில் வர நினைப்பவர்கள் பெரும்பாலும் வெயிலையும் பள்ளி விடுமுறையையும் பார்த்தே நாள் குறிக்கிறார்கள். இந்தக் கரையில் அவற்றுக்கு முன்பே பார்க்க வேண்டியது காற்றின் திசை. தீவின் வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருப்பதால், ஒரு பக்கம் கொந்தளிக்கும் மாதங்களில் மறுபக்கம் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். தீவின் கிழக்கு முனையான தனுஷ்கோடிப் பகுதியில் அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும் சீறும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வது வழக்கம். ஆனால் ஐப்பசியில் வாடை எனும் வடகிழக்குக் காற்று திரும்பிவிட்டால் அந்தப் பெண் கடலே நங்கூரமிட்ட படகுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு உடைத்துவிடும். ஆகவே எந்தக் கடலில், எதற்காக இறங்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், மாதம் தானே அமைந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்புவோர்க்குப் பொங்கல் கழிந்த நாளிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையிலான காலமே மிகச் சிறந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். வாடையின் வேகமும் நாளுக்கு நாள் குறையும். தென்கடல் அமைதியாக இருப்பதால், 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவுக்கு வனத்துறையின் படகில் செல்லவும் இதுவே ஏற்ற பருவம். காற்று தணிந்த காலையில் தண்ணீர் தெளிந்து, ஆழம் குறைந்த இடங்களில் அடித்தரை கண்ணுக்குத் தெரியும். இதே மாதங்களில் தனுஷ்கோடி சாலையில், கோதண்டராமர் கோயிலை ஒட்டித் தேங்கி நிற்கும் உப்புநீர்ப் பரப்பில் பூநாரைகள் கூட்டமாக இறங்குகின்றன. அவை தலையைக் கவிழ்த்து, அலகைச் சேற்றில் துழாவியபடி வரிசையாக நகர்வதைப் பார்க்க வேண்டுமானால், வாகனங்கள் பெருகுவதற்கு முன் அதிகாலையிலேயே அங்கு இருப்பது நல்லது. வண்டியைச் சாலையோரத்திலேயே நிறுத்திவிட்டு அங்கிருந்தே பார்க்க வேண்டும். அருகில் போக முயன்றால் பறவைகள் எழுந்துவிடும், காலும் சேற்றில் புதையும்.

ஏப்ரல், மே மாதங்களைப் பள்ளி விடுமுறை கருதித்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. வெயிலைவிடப் புழுக்கமே அதிகம் வாட்டும் என்பதால், காலை ஒன்பது மணிக்குள் வெளி வேலைகளை முடித்துக்கொண்டு, மீண்டும் மாலையில் கிளம்புவதே உசிதம். மீன் உணவுக்காக வருவோர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன் மட்டுமே சந்தைக்கு வருவதால், வரத்து குறைந்து விலை ஏறிவிடும். மேலும், எங்கோ தொலைவில் எழும் பேரலைகள் உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் கரையில் வந்து மோதும் கள்ளக்கடல் நிகழ்வுகளுக்கு இம்மாதங்களில் அடிக்கடி எச்சரிக்கை விடப்படுகிறது. அத்தகைய நாளில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தென்கடலில் கால் நனைக்கக்கூட இறங்கக் கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றின் ஆட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மழை அதிகம் கிடைப்பதில்லை. காற்று மட்டும் ஓயாது. தனுஷ்கோடி சாலையில் மணல் பறந்து வந்து முகத்தில் அறையும். அந்தச் சாலை முடியும் அரிச்சல்முனையில் அலைகள் தடுப்புக் கற்களைத் தாண்டி எழும்பும் நாள்களில் பயணிகளைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருந்தாலும் இந்தப் பருவத்தை அடியோடு ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பாக் விரிகுடா அப்போதுதான் குளம்போல் கிடக்கும்; சிறு குழந்தைகளோடு வருபவர்கள் அரியமான் கடற்கரையிலும் பிரப்பன்வலசையிலும் நிம்மதியாக நீரில் இறங்கலாம். பட்டம் கட்டி அலைமேல் சறுக்கும் விளையாட்டுக்காரர்களோ இந்தக் காற்றைத் தேடியே வருகிறார்கள்.

அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை தவிர்ப்பதே என் பரிந்துரை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுப் புயல் வந்ததும் டிசம்பர் 22, 23 தேதிகளில்தான். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். வேறு வழியின்றி அப்போதுதான் வர முடியும் என்றால், கட்டணத்தைத் திருப்பித் தரும் விடுதியாகப் பார்த்துப் பதிவு செய்து, திரும்பும் பயணத்துக்கு முன் ஒரு நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் முடிவானதும் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டும். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கரையில் நிற்கவே இடமிருக்காது. மாசி மகாசிவராத்திரியும் அப்படித்தான். நல்ல பருவத்துக்குள்ளேயே இவற்றில் இரண்டு விழுவதால், நீராடும் நோக்கம் இல்லாதவர்கள் அந்த நாள்களையும் அவற்றின் முன்பின் நாள்களையும் விட்டுவிடலாம். விடுதி வாடகையும் குறையும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றப்பட்டுள்ளதா என்ற செய்தியையும் பார்த்துவிடுங்கள். ஒன்றாம் எண் கூண்டு தொலைவில் உருவான புயல் சின்னத்தைக் குறிப்பதுதான் என்றாலும், அது ஏறியிருக்கும்போது படகுச் சவாரியை நம்பி வர வேண்டாம். கோயிலும் அரியமானும் போதும் என்பவர்கள் மட்டும் கிளம்பலாம்.