காயிலா, அறுவை சிகிச்சையா: மாதவிலக்கு வலியோடு பிரிட்டனுக்கு வரும் பெண்களுக்கு

கடுமையான மாதவிலக்கு வலிக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் காரணமாக இருக்கலாம். பிரிட்டனில் அந்த வலியோடு மருத்துவரிடம் போகும் பெண்ணிடம், ஒன்றிரண்டு சந்திப்புகளுக்குள்ளேயே ‘காயில் வைத்துக்கொள்கிறீர்களா’ என்ற கேள்வி வந்துவிடும். காயில் என்பது கருப்பைக்குள் வைக்கும் சிறு கருத்தடைச் சாதனம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் அதைக் காப்பர் டி என்று புரிந்துகொள்வார். இலங்கையிலிருந்து வந்தவர் லூப் என்று புரிந்துகொள்வார். பிள்ளை பெற்ற பிறகு அம்மாவுக்கோ அக்காவுக்கோ வைத்த அந்தச் சாதனத்தால் உதிரப்போக்கு கூடியதையும் இடுப்பு கழன்றுபோவதுபோல் வலித்ததையும் கேட்டு வளர்ந்தவருக்கு, வலிக்கு மருந்து கேட்டால் வலி தரும் பொருளையே நீட்டுகிறார்களே என்று தோன்றுவது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அறுவை சிகிச்சைக்கான வரிசையில் ஒன்றரை வருடம் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் பாதியாவது தேவையற்றது என்பது பிறகுதான் விளங்கியது.

வடிவம் ஒன்றுதான், வேலை நேர்மாறானது. காப்பர் டியில் இருப்பது செம்பு. அது மாதவிலக்கைக் கூட்டவும் வலியை அதிகப்படுத்தவும் கூடும். இங்கே வலிக்காகத் தரப்படுவது ஹார்மோன் காயில். மிரெனா என்ற பெயரில் 1990இல் பின்லாந்திலும் 1995இல் பிரிட்டனிலும் அறிமுகமான இதில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் இருக்கிறது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் மட்டும் கருப்பைக்குள் கசியும். கருப்பையின் உட்படலம் மெலிவதால் உதிரப்போக்கு குறைகிறது, பலருக்கு வலியும் குறைகிறது. வருடம் ஒன்று ஆவதற்குள் சிலருக்கு மாதவிலக்கே நின்றுவிடுகிறது. இரத்தம் உள்ளேயே தேங்கிவிடுமோ என்று நம் வீடுகளில் பயப்படுவார்கள். படலம் வளராதபோது வெளியேற எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஆகவே மருத்துவர் காயில் என்றதும் முதலில் கேட்க வேண்டியது, அது செம்பா, ஹார்மோனா என்பதே.

எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடலின் மேலோ சிறுநீர்ப்பையின் மேலோ அடிவயிற்றின் உட்சுவரிலோ வளர்வது. பத்தில் ஒரு பெண்ணுக்கு இது இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். நோயாளிகளுக்கான எண்டோமெட்ரியோசிஸ் யூகே என்ற அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, முதலில் மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து நோய் உறுதியாவதற்குச் சராசரியாக 8 வருடம் 10 மாதம் ஆகிறது.

நமக்கு அந்தத் தாமதத்தோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. தமிழில் வயிறு என்றால் இரைப்பையும் வயிறுதான், குடலும் வயிறுதான், கருப்பையும் வயிறுதான். ‘வயிற்று வலி’ என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி ‘ஸ்டமக் பெயின்’ என்று சொன்னால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு திரும்ப வேண்டியிருக்கும். ‘பீரியட் பெயின்’, ‘பெல்விக் பெயின்’ என்ற சொற்களையே பயன்படுத்துங்கள். மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ வலித்தால் சொல்லுங்கள். தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் வலித்தால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் நம் பெண்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இந்த ஒரு விவரமே சில சமயம் மருத்துவரின் சந்தேகத்தைச் சரியான பக்கம் திருப்புகிறது. எத்தனை நாள் வேலைக்கோ வகுப்புக்கோ போக முடியவில்லை என்று இரண்டு மூன்று மாதங்களுக்குக் குறித்து வைத்துக் கொடுப்பது, எவ்வளவு வலிக்கிறது என்று விவரிப்பதைவிடப் பயன் தரும். மொழிபெயர்ப்பாளரை, பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் இலவசமாக ஏற்பாடு செய்யும். நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர், பெண்ணாக இருந்தால் நல்லது என்று கேளுங்கள். கணவரையோ பள்ளிக்கூடம் போகும் மகளையோ இதற்கு அழைத்துப் போக வேண்டாம்.

ஜிபி என்று சொல்லப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. இங்கிலாந்தில் விசாவையோ முகவரிச் சான்றையோ காட்டினால்தான் பதிவு என்று சொல்ல அவர்களுக்கு உரிமையும் இல்லை. வேலை விசாவில் வந்தவர்களில் பெரும்பாலோர் வருடத்துக்கு 1,035 பவுண்டும், மாணவர்கள் 776 பவுண்டும் சுகாதாரக் கட்டணமாக ஏற்கெனவே கட்டியிருப்பதால், ஸ்கேனுக்கும் அறுவை சிகிச்சைக்கும் தனியாகப் பணம் கேட்க மாட்டார்கள். மகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்திருப்பவரின் நிலை வேறு: திட்டமிட்ட மருத்துவமனைச் சிகிச்சைக்கு என்எச்எஸ் விலையில் ஒன்றரை மடங்கு கட்ட நேரிடும்.

ஊரில் ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்கள் பழைய ஸ்கேன், லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை), திசுப் பரிசோதனை அறிக்கைகளைக் கொண்டுவர வேண்டும். மாத்திரையின் கம்பெனிப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. டைனோஜெஸ்ட் (ஒரு ஹார்மோன் மாத்திரை) என்பதுபோல் மருந்தின் பெயரைச் சொன்னால்தான் புரியும்.

சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்டு 2024இல் திருத்திய வழிகாட்டுதல்தான் இங்கிலாந்து மருத்துவர்கள் பின்பற்றுவது. அதன்படி முதலில் வலி நிவாரணி, அதோடு அல்லது அதன் பிறகு மாத்திரையாகவோ ஊசியாகவோ காயிலாகவோ ஹார்மோன், அதுவும் பலிக்காதபோது மகளிர் நோய் மருத்துவத் துறைக்கு (கைனகாலஜி) பரிந்துரை. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ‘ஸ்கேன் நார்மல்’ என்று வழியனுப்பப்பட்டவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பப் போகலாம். ஸ்கேன் பெரும்பாலும் பிறப்புறுப்பு வழியாகவே செய்யப்படும்; தாம்பத்திய உறவுக்கு இன்னும் பழகாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வயிற்றின் மேலிருந்து செய்வார்கள்.

இனி காயிலின் குறைகள். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒழுங்கற்ற உதிரப்போக்கும் திட்டுத்திட்டாகக் கறையும் இருக்கும். கோயிலுக்குப் போவதா, விசேஷத்துக்குப் போவதா என்று நாள் கணக்குப் பார்க்கும் வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல, பலர் அகற்றச் சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான். ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குச் சாதனம் தானாக வெளியே வந்துவிடலாம். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் கருப்பைச் சுவரைத் துளைத்துவிடும். வைக்கும்போது சிலருக்குக் கடும் வலி இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலோருக்குச் சினைமுட்டை வெளியேறுவதை இது நிறுத்துவதில்லை, எனவே சினைப்பையிலுள்ள சாக்லேட் சிஸ்ட் (இந்த நோயால் வரும், பழைய இரத்தம் நிறைந்த கட்டி) இதனால் கரைந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கருத்தடைக்கென்று இலவசமாகக் காயில் வைக்கும் மருத்துவ நிலையங்களில் சில, வலிக்காக என்றால் ஜிபியிடமே திருப்பி அனுப்பும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் எண்டோமெட்ரியோசிஸ் என்ற சொல் இல்லையே என்று திகைக்கவும் வேண்டாம். இந்நாட்டு உரிமத்தில் அது இல்லாவிட்டாலும் மருத்துவர்கள் அந்த நோக்கத்துக்கு வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள்.

அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி. மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைக் காற்றால் உப்பச் செய்து, தொப்புள் அருகிலும் அடிவயிற்றிலும் சிறு துளைகளிட்டு, திசுவை வெட்டி எடுப்பார்கள் அல்லது பொசுக்குவார்கள். பலர் அன்றே வீடு திரும்பலாம். தோளில் வரும் வலி அந்தக் காற்றால் வருவது, பயப்பட வேண்டாம். விரைவில் கருத்தரிக்க விரும்புகிறவருக்குக் காயில் பயன்படாது, ஹார்மோன் எதுவுமே கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டாது. அவருக்கும், பெரிய சாக்லேட் சிஸ்ட் உள்ளவருக்கும், குடலையோ சிறுநீர்க் குழாயையோ நோய் பிடித்திருப்பவருக்கும், ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதவருக்கும் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு முன்கூட்டியே வர வேண்டும். குடல்வரை பரவியிருந்தால் அங்கீகாரம் பெற்ற சிறப்பு மையத்துக்கே பரிந்துரை கேளுங்கள். ஆனால் சிஸ்ட்டை எடுக்கும்போது சினைப்பையின் முட்டை இருப்பும் குறையலாம் என்பதால், பிள்ளை இன்னும் பெறாதவர்கள் அதைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும்.

வெட்டி எடுத்தால் முடிந்தது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இந்த நோயில் அது சரியல்ல. அறுவைக்குப் பின் சில வருடங்களில் வலி திரும்புவது பலருக்கு நடக்கிறது, கருப்பையையே அகற்றினாலும் வெளியே உள்ள திசு மிஞ்சியிருந்தால் வலி மிஞ்சலாம். மேலோட்டமாகப் படர்ந்த வகையில் திசுவை அகற்றுவது உண்மையிலேயே பயன் தருகிறதா என்பதையே சோதிக்க எடின்பரோவிலிருந்து ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. இன்னொரு ஆய்வில், பிரிட்டனின் 34 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை முடிந்த 405 பெண்களில் ஒரு தரப்புக்குக் கருத்தடை மாத்திரையும், மறு தரப்புக்குக் காயில் அல்லது நீண்டநாள் ஊசியும் தரப்பட்டன. 2024இல் வெளியான முடிவின்படி மூன்று வருடங்களுக்குப் பின் இரு தரப்பிலும் வலி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது, காயிலோ ஊசியோ பெற்றவர்களில் மறுபடியும் அறுவை சிகிச்சைக்கோ அடுத்தகட்டச் சிகிச்சைக்கோ போனவர்கள் குறைவு.

ஆகவே காயிலா, அறுவையா என்று கேட்பதைவிட, எது முதலில், எது அதன் பிறகு என்று கேட்பதே என் கணிப்பில் சரியான கேள்வி. மருத்துவமனையில் நோயாளி காத்திருக்க வேண்டிய உச்ச வரம்பு 18 வாரம் என்று இங்கிலாந்தில் விதி இருந்தாலும் நடைமுறையில் அது பலமுறை மீறப்படுகிறது. காத்திருக்கும் மாதங்களில் காயிலையோ மாத்திரையையோ முயன்று பார்ப்பதால் வரிசையில் உங்கள் இடம் போய்விடாது. போய்விடும் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். முதல் பரிந்துரையின்போது எந்த மருத்துவமனை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இங்கிலாந்தில் நோயாளிக்கு உண்டு, பக்கத்து ஊரில் வரிசை குறைவாக இருக்கலாம். விழித்திருக்கும்போது காயில் வைக்க அஞ்சுகிறவர்கள், லேப்ராஸ்கோப்பியின்போது மயக்கத்திலேயே வைத்துவிடச் சொல்லலாம்; சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும்முன் அதை எழுதச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுதாததை அவர்கள் செய்ய மாட்டார்கள். மருந்தோ அறுவையோ எடுத்தும் பலன் கிடைக்காதவர்களுக்கென, ரெலுகோலிக்ஸ் என்ற மருந்து கலந்த மாத்திரையை 2025இல் நைஸ் ஏற்றிருக்கிறது.

திருமணமாகாத பெண்களின் வீட்டில் கருத்தடைச் சாதனம் என்ற சொல்லே சங்கடம் தரும். பதினாறு வயதைக் கடந்தவரின் மருத்துவ விவரங்களை ஜிபி பெற்றோரிடம் சொல்வதில்லை. காயிலை அகற்றினால் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் மாத்திரையோ ஊசியோ இருக்கிறது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்ற அறிவுரை மட்டும் சிகிச்சை ஆகாது.

காயில் வைத்த பின் காய்ச்சலோ, நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ, தாங்க முடியாத வலியோ வந்தால் அன்றே என்எச்எஸ் உதவி எண்ணான 111ஐ அழைக்க வேண்டும். கர்ப்பப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்தால் கருக்குழாயில் தரித்திருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருத்தடைக்கு மிரெனா 8 வருடம் வரை செல்லும், ஆனால் வலி அதற்குமுன் திரும்பினால் முன்பே மாற்றிக்கொள்ளலாம். வைத்த தேதியையும் சாதனத்தின் பெயரையும் எழுதித் தரும் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்; விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கும்போது ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், உள்ளே இருப்பது காப்பர் டி அல்ல என்று அங்குள்ள மருத்துவருக்குக் காட்ட அது உதவும்.