வளரும் குத்துச்சண்டை வீரரை முன்னணி வீரர்களோடு எப்போது மோதவிடலாம்?

மாவட்டப் போட்டிகளில் தொடர்ந்து வென்றுவரும் ஒருவரை மாநிலப் பதக்கம் பெற்றவர்களுக்கு எதிராக எப்போது ரிங்கில் இறக்கலாம் என்ற கேள்வி, சேலம் போன்ற ஊரில் பயிற்சியளிக்கத் தொடங்கும் எவருக்கும் விரைவிலேயே எழும். அவசரப்பட்டால் வீரரின் உடலும் நம்பிக்கையும் கெடும். தயங்கிக்கொண்டே இருந்தாலோ, எளிய வெற்றிகளில் படிந்த தவறான பழக்கங்கள் பின்னர் மாற்ற முடியாத அளவுக்கு இறுகிவிடும். வீரர் வகுத்துச் சென்ற திட்டம் பலிக்காமல் போன நேரத்தில் அவர் என்ன செய்தார் என்பதையே முதன்மையான அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் அதைக் கண்டறிவதற்கானவை.

படி 1: வெற்றிக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு போட்டிக்கும் எதிராளியின் உயரம், அவர் வலக்கை வீரரா இடக்கை வீரரா, எத்தனை ஆண்டுப் பயிற்சி உள்ளவர், முன்னேறித் தாக்குபவரா விலகி நின்று அடிப்பவரா என்ற நான்கையும் எழுதுங்கள். நம் மாவட்டத்தில் ஓர் எடைப்பிரிவில் களமிறங்குபவர்கள் குறைவு என்பதால், அதே சிலரையே திரும்பத் திரும்ப வென்றிருப்பதும், எதிராளி வராமலேயே கிடைத்த வெற்றிகள் கணக்கில் சேர்ந்திருப்பதும் அப்போது வெளிப்படும். இடக்கை வீரர் ஒருவரையும், இடைவிடாமல் நெருங்கி வருபவர் ஒருவரையும், தன்னைவிடத் தெளிவாக உயரமான ஒருவரையும் சந்திக்காதவருக்கு வெற்றிகள் எத்தனை இருந்தாலும் அடுத்த கட்டத்தைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம்.

படி 2: மூன்றாவது சுற்றைத் தனியாகப் பாருங்கள்

ஜூனியர் பிரிவில் 2 நிமிடச் சுற்றுகளில் ஆடிப் பழகியவருக்கு, 3 நிமிடம் கொண்ட 3 சுற்றுகள் என்பது வேறோர் ஆட்டம்; 6 நிமிடம் 9 நிமிடமாகிறது, இடைவேளை அதே ஒரு நிமிடம்தான். போட்டியைக் கைப்பேசியில் பதிவுசெய்து, மூன்றாவது சுற்றை மட்டும் ஒலியில்லாமல் பாருங்கள். ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராகப் போடும் வேகமான குத்து) போட்ட கை தாடைக்குத் திரும்புகிறதா, இடுப்பளவில் தொங்குகிறதா? நகரும்போது கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றனவா? அடித்து முடித்த இடத்திலேயே தலை நின்றுவிடுகிறதா? முதல் சுற்றில் சரியாக இருந்த இவை மூன்றாவது சுற்றில் குலைந்தால், அந்தக் குலைவைத்தான் முன்னணி வீரர் எதிர்பார்த்துக் காத்திருப்பார்.

இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன; அதில் ஓடி ஏறுவது காலுக்கும் மூச்சுக்கும் சிறந்த பயிற்சி. ஆனால் ரிங்கில் வரும் களைப்பின் காரணங்கள் வேறு. பதற்றத்தில் மூச்சை அடக்குவது, குறி தவறிய குத்துகளில் வலுவை வீணாக்குவது, நெருங்கிப் பிடிக்கும் எதிராளியின் எடையைத் தாங்குவது ஆகியவை மலையோட்டத்தில் சோதிக்கப்படுவதே இல்லை. ஆகவே மலையேறிய நேரத்தைத் தகுதிச் சான்றாகக் கொள்ளாமல், சுற்றுக்கு ஒருவராகக் களைப்பில்லாத 3 பேரை மாற்றி மாற்றி இறக்கி ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்ய வைத்துப் பாருங்கள்.

படி 3: பலமான அடி விழுந்த பின் வரும் சில விநாடிகள்

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான படி. நல்ல அடி ஒன்று விழுந்ததும் சிலர் கோபத்தில் கண்மூடித்தனமாகக் கையை வீசுவார்கள். சிலர் நேர்கோட்டில் பின்வாங்கிக் கயிற்றில் போய்ச் சாய்வார்கள். பக்குவப்பட்டவர் முகத்தைக் காக்கக் கைகளை உயர்த்தி, தேவையானால் எதிராளியை ஒரு கணம் பிடித்து நிறுத்தி, பக்கவாட்டில் வெளியேறி, மீண்டும் ஜாபிலிருந்து தொடங்குவார். நடுவர் எட்டு வரை எண்ணும்போது வீரர் உங்கள் குரலைக் கேட்டுத் தலையசைக்கிறாரா, அல்லது எதிராளியையே வெறித்துப் பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

இதைச் சோதிப்பதற்காக ஸ்பாரிங்கில் பலமாக அடிக்கச் சொல்வது கூடவே கூடாது. அது பயிற்சி ஆகாது. மூளைக்கு இழைக்கும் தீங்கு. மாறாக, வீரரை ரிங்கின் மூலையில் நிறுத்தி, எதிரில் இருப்பவரிடம் அரை வலுவில் 30 விநாடிகள் தாக்கச் சொல்லி, வீரர் எந்த வழியில் வெளியேறுகிறார் என்று பாருங்கள். ஒரே வழியில்தான் எப்போதும் வெளியேறுகிறார் என்றால் அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெச்சூர் ஆட்டத்தில் 396 வெற்றியும் ஒரே ஒரு தோல்வியும் கண்டு, இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற உக்ரைனின் வாசில் லோமசென்கோ, 2014 மார்ச்சில் தம் இரண்டாவது தொழில்முறைப் போட்டியிலேயே உலகப் பட்டத்துக்காக ஓர்லாண்டோ சலிடோவைச் சந்தித்தார். எடை வரம்பைத் தாண்டி வந்திருந்த சலிடோ, 12 சுற்றுகளும் நெருங்கி நின்று, உடம்பில் அடித்து, பிடித்து, முரட்டுத்தனமாக ஆடி, மூன்று நடுவர்களில் இருவர் மட்டும் ஆதரித்த பிளவுபட்ட தீர்ப்பில் வென்றார். லோமசென்கோவின் திறமையில் குறை எதுவும் இல்லை. அத்தகைய நீண்ட, முரட்டு ஆட்டம் மட்டுமே அவருக்குப் புதிது. அதே ஆண்டு ஜூனில் கேரி ரசல் ஜூனியரை வென்று அவர் பட்டம் பெற்றார். மார்ச் ஆட்டத்தின் பிற்பகுதியில் அவர் சலிடோவைத் திணறடித்ததைப் பார்த்தவர்கள் அதற்காக வியந்திருக்க மாட்டார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கற்றுக்கொள்ளும் அந்தப் பண்பைத்தான் நம் வீரரிடமும் தேட வேண்டும்.

படி 4: வெளியூர் ஸ்பாரிங்

ஒரே கூடத்தில் பழகியவர்கள் ஒருவர் அடிக்கும் முன்பே அவர் என்ன அடிக்கப்போகிறார் என்று அறிந்திருப்பார்கள். எனவே சென்னைக்கோ கோவைக்கோ அழைத்துச் சென்று, உங்கள் வீரரைவிட ஒரு படி மேலே உள்ளவரோடு ஸ்பாரிங் செய்ய வையுங்கள். எத்தனை சுற்று, எவ்வளவு வேகம், யார் நிறுத்தச் சொல்வது என்பதை அந்தக் கூடத்தின் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதல் நாள் யார் மேலோங்கினார் என்பது பெரிதல்ல. அதே ஆளோடு அடுத்த முறை ஆடும்போது, முன்பு வாங்கிய அடியை மீண்டும் வாங்குகிறாரா என்று பாருங்கள்.

படி 5: உடலும் எடையும்

பெரியவர்களுக்கான எலீட் பிரிவு 19 வயதில் தொடங்குகிறது. நேற்றுவரை 17, 18 வயதுக்காரர்களோடு ஆடியவர் திடீரென்று முழு வளர்ச்சியடைந்த ஆண்களைச் சந்திக்கிறார். சர்வதேச ஆடவர் எலீட் போட்டிகளில் தலைக்கவசமும் கிடையாது. எடையைக் குறைத்துச் சிறிய பிரிவில் நுழையும் ஆசையைத் தவிருங்கள். சேலத்தின் மே மாத வெயிலில் வியர்க்கவைத்து எடை குறைக்கப் பிளாஸ்டிக் சட்டை மாட்டி ஓடவைப்பது உயிருக்கே ஆபத்து.

படி 6: ஏணியை ஒவ்வொரு படியாக ஏறுங்கள்

இந்திய வீராங்கனை நிகத் ஜரீன் 2011-இல் ஜூனியர் உலகப் பட்டம் வென்றார். எலீட் பிரிவு உலகப் பட்டம் 2022-இல்தான் கைகூடியது. விஜேந்தர் சிங்கோ 2015 அக்டோபரில் தொழில்முறைக்கு வந்து, 2016 ஜூலையில், தம் ஏழாவது போட்டியிலேயே 10 சுற்று ஆட்டத்தில் முன்னாள் ஐரோப்பியச் சாம்பியன் கெரி ஹோப்பை வென்றார். ஆனால் அவருக்குப் பின்னால் பெய்ஜிங் 2008 வெண்கலமும் நீண்ட அமெச்சூர் அனுபவமும் இருந்தன. வேகத்தை அடித்தளம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே எதிராளியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் கடினமாக்குங்கள்: இம்முறை அனுபவம் கூடியவர் என்றால், உயரமும் ஆட்டப் பாணியும் உங்கள் வீரருக்குப் பழகியவையாக இருக்கட்டும்.

படி 7: போட்டி முடிந்த பிறகு

வென்றாலும் தோற்றாலும், ஓரிரு நாள் கழித்து வீரரைத் தனியே அமரவைத்து, மூன்று சுற்றுகளிலும் என்ன நடந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகே வீடியோவைக் காட்டுங்கள். அவர் சொன்னதும் படத்தில் உள்ளதும் பெரிதும் ஒத்துப்போனால், அவர் ரிங்கில் நிதானமாக இருந்திருக்கிறார், தோற்றிருந்தாலும் அதே தரத்தில் இன்னொரு போட்டி கொடுக்கலாம். எதுவுமே நினைவில்லை என்றால் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தலையில் விழுந்த அடியால் போட்டி நிறுத்தப்பட்டிருந்தால், குறைந்தது 30 நாட்களுக்குப் போட்டியும் ஸ்பாரிங்கும் வேண்டாம். மருத்துவர் எழுத்தில் அனுமதி தந்த பிறகு, படி 2-லிருந்து மீண்டும் தொடங்குங்கள்.